உப்பு வாங்கப் போனவன்

கதவன் கோட்டையை விட்டு இறங்கிப் போய்விட்டான் என்று எங்கள் இணைய வாசகர் குழுவில் மூன்று வாரமாகச் சண்டை. நானும் ஒரு கை போட்டேன் என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் சொல்வேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 'கணவாய்க் கோட்டை' என்று ஏழு பாகம் கொண்ட ஒரு மாயக்கதை இருக்கிறது. அரசிகள், சூனியக்காரிகள், பேசும் கழுகு, பனிக்குள்ளிருந்து கிளம்பி வரும் படை எல்லாம் உண்டு. மலைக் கணவாயில் இருக்கும் கோட்டை வாசலை ஒருவன் காவல் காக்கிறான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் கதவன். அரசர்கள் சாகிறார்கள், பிறக்கிறார்கள், துரோகம் செய்கிறார்கள். ஆறு பாகம் வரை அவன் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். ஏழாம் பாகத்தில், படை வருவதற்கு முந்தின நாள், ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மலையிறங்கிப் போய்விடுகிறான். அரைப் பக்கம். காரணம்கூடச் சொல்லவில்லை.

துரோகி என்றது ஒரு கட்சி. எழுதியவருக்கு அலுத்துப்போய்விட்டது, ஆறு பாகம் வளர்த்த ஆளை அரைப் பக்கத்தில் கெடுத்துவிட்டார் என்றது இன்னொரு கட்சி. வாசலிலேயே செத்திருந்தால்தான் அவன் கதை நிறைவாக முடிந்திருக்கும் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். அடுத்தவன் வாசலில் நின்று சாவதில் நம் ஆட்களுக்கு எவ்வளவு நிறைவு.

குழுவைத் தொடங்கி நடத்துபவர் உரையாசிரியர். அங்கே எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். சொந்தக் கதை, வீட்டுக் கதை எதுவும் பேசக்கூடாது. 'வெளிக்கதை வேண்டாம்' என்று முதல் விதியாகவே முகப்பில் போட்டிருக்கிறார். என் பெயர் குளோரின். நான் வேலை செய்வது குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் வாய். உரையாசிரியர் என் கூடப்பிறந்த அண்ணன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கண்ட்ரோல் ரூமில் ஒரு பழக்கம் உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, தண்ணீரின் கலங்கல் எவ்வளவு, எந்தப் பம்பு ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரும்வரை இருப்பவர் எழுந்திருக்கக்கூடாது. ஊர் முழுக்கக் குடிக்கும் தண்ணீர். வயிற்றைக் கலக்கினாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என்னை மாற்றிவிட வருகிறவனைச் சோடாபுட்டி என்று கூப்பிடுவோம். அவன் என்றைக்குமே நேரத்துக்கு வந்ததில்லை. வண்டி பஞ்சர், மாமியாருக்குப் பல்வலி என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவான். ஆனால் வந்துவிடுவான். வராமல் இருந்ததில்லை.

வீட்டில் எனக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பகலில் உட்கார ஒரு அம்மா வருகிறார். துடைப்பார், துணி மாற்றுவார், விசிறுவார். ஆனால் அவர் ஊட்டினால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். அதற்கு முன்னால் வந்த இரண்டு பேரிடமும் அதே கதை. உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். என் கையால் சாப்பிடுவார், அண்ணன் கையால் சாப்பிடுவார். மூன்றாவது கை ஆகாது. பக்கவாதம் உடம்பில் பாதியைத்தான் எடுத்தது, பிடிவாதத்தை முழுசாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அவரைத் தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது. இருமினால் அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டேன். இனிமேல் தள்ளினால் குடல் சிக்கிக்கொள்ளும், அப்போது நாள் பார்க்க நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது. அதாவது ஒன்றரை மாதம் அண்ணன் வந்து இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருக்கிறான். மூக்குக்கண்ணாடிக் கடையில் மேனேஜர். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை.

"பாக்கலாம் பாப்பா" என்றான் முதல் தடவை கேட்டபோது. எனக்கு நாற்பத்தெட்டு வயசு. இன்னும் பாப்பாதான். இரண்டாவது தடவை, "மாசக் கடைசி ஆகட்டும்" என்றான். எந்த மாசம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கும் உதவிக்கு ஒரு கசப்பு உண்டு. அது எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

ஆனால் குழுவில் மட்டும் அவன் சளைக்கவே மாட்டான். கதவன் விஷயத்தில் அண்ணன் துரோகிக் கட்சிக்குத் தலைவன். 'கடமை என்பது காரணம் கேட்காது' என்று ஒரு நாள் எழுதினான். அன்றைக்குச் சோடாபுட்டி வர ரொம்ப நேரமாகிவிட்டது. அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினேன்:

'நீங்க எல்லாரும் தப்பான ஆளை விசாரிக்கிறீங்க. முதல் பாகம் மூணாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்க. வாசல்ல ரெண்டு காவலன். ஒருத்தன், நீ பாத்துக்கோ, உப்பு வாங்கிட்டு வந்துடறேன்னு கீழே போறான். அப்புறம் அவனைப் பத்திப் பேச்சே இல்லை. கதவன் ஏன் போனான்னு மூணு வாரமா கேக்கறீங்க. அவன் ஏன் வரலைன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?'

அந்த இரண்டாவது காவலன் எங்களுக்கு ஒரு பழைய ஜோக். யாராவது கொஞ்ச நாள் குழுவில் தலை காட்டாவிட்டால், 'உப்பு வாங்கப் போயிட்டார்' என்போம். எழுதியவர் அவனை மறந்துவிட்டார் என்பதுதான் எங்கள் ஏகமனதான முடிவு. அதனால் என் பதிவுக்கும் சிரிப்புப் பொம்மைகள்தான் வந்து குவிந்தன. உரையாசிரியர் மட்டும் பெரிய மனது பண்ணிப் பதில் போட்டார். 'குளோரின் அவர்களே, ஒரே ஒரு வசனம் பேசிய ஆளுக்கு வளர்ச்சியும் கிடையாது, வீழ்ச்சியும் கிடையாது. உப்பு சப்பில்லாத வாதம்.'

சரிதான் என்று செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் வடிகட்டித் தொட்டியைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, உரையாசிரியரின் நீண்ட பதிவு ஒன்று வந்திருந்தது. ஏழு பாகத்தையும் முதலிலிருந்து திரும்பப் படித்தாராம். குளோரின் சொன்னதுதான் சரி, இத்தனை நாள் குருடனாக இருந்தேன் என்று ஆரம்பித்திருந்தார். கோட்டையில் சமைக்கும் இடமெல்லாம் சாப்பாடு சப்பென்று இருப்பதாக ஆசிரியர் ஆறு பாகத்திலும் சொல்லிக்கொண்டே வருவதை ஒன்று விடாமல் எடுத்துக் காட்டியிருந்தார். இரண்டாவது காவலனை மறக்கவில்லை, கடைசிவரை ஆசிரியர் அவனை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்றார். பிறகு இப்படி எழுதியிருந்தார்:

'போனவனுக்கு ஒரு நாள் குற்றம். வராதவனுக்கு ஒவ்வொரு நாளும் குற்றம். ஆனால் அவன் கீழே ஏதோ ஓர் ஊரில் நல்லவனாகவே வாழ்ந்திருப்பான். மலையைப் பார்க்கும்போதெல்லாம், அங்கேதான் ஒருவன் இருக்கிறானே, பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான். கதவன் ஆறு பாகமும் காவல் காத்தது கோட்டையை அல்ல, அந்தத் தூக்கத்தை.'

படித்துவிட்டு அழுதேன். வெட்கப்படாமலே சொல்கிறேன், பம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்விட்டே அழுதேன். சின்ன வயதிலிருந்து நானும் அவனும் நேராக எதையும் பேசிக்கொண்டதில்லை. ஏதாவது கதையை நடுவில் போட்டுக்கொண்டு அதன் வழியாகத்தான் பேசுவோம். அதனால் இது அவன் எனக்குச் சொன்ன பதில் என்றே எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு புரிந்தவன் வராமல் இருப்பானா?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினெட்டாம் தேதி என்று நாள் குறித்துவிட்டு வந்தேன். வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"படிச்சியா?" என்றான் எடுத்தவுடனே.

"படிச்சேன்."

"எப்படி?"

"அழுதுட்டேன்ணா."

"நானே ரெண்டு தடவை திரும்பப் படிச்சேன் பாப்பா. பொறி நீ போட்டதுதான். உன் பேரையும் சொல்லியிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேன். ஆபரேஷனுக்குப் பதினெட்டாம் தேதி குறிச்சாச்சு. நீ பதினேழே வந்துடு."

அந்தப் பக்கம் கடையில் யாரோ பவர் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பதினெட்டா? கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாமே. இங்க புதுக் கிளை திறக்கறாங்க. நான் இல்லேன்னா ஒரு வேலை நடக்காது. உன் அண்ணிக்கும் லீவு கிடைக்காது. அடுத்த மாசம்னா..."

"அண்ணா, நீ அதை யாரைப் பத்தி எழுதினே?"

"எதை?"

"நேத்து எழுதினதை."

"ரெண்டாவது காவலனைப் பத்தி" என்றான். "ஏன், அதுல ஏதாவது தப்பா இருக்கா?"

அவன் நடிக்கவில்லை. நடித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே என் கருத்துக்குக் காத்திருந்தான். "தப்பு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பதிவைக் குழுவே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. துரோகிக் கட்சி கலைந்துவிட்டது. ஒருவர் இதைப் படித்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதாராம். இன்னொருவர், இந்த ஆண்டின் சிறந்த பதிவு என்று இப்போதே அறிவித்துவிடலாம் என்றார். அன்றைக்கு மதியம் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது வயிற்றில் சுருக்கென்று பிடித்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரும்வரை நின்றேன். பிறகு செல்போனை எடுத்து, அத்தனை பாராட்டுக்கும் கீழே ஒரு வரி எழுதினேன்.

'அண்ணா, நீ எப்ப வர்றே? அப்பா உன் கையால சாப்பிடுவார்.'

அப்புறம் ஒருவர் கேட்டார், 'அருமையான வசனம். எத்தனையாம் பாகம்?' ஐந்தாம் பாகத்தில் பனிவீட்டுக் கிழவரின் மகள் சொல்வது என்றார் இன்னொருவர். இல்லை, அவள் சொல்வது வேறு, நான் இப்போதுதான் பார்த்தேன் என்று மூன்றாமவர் பக்க எண்ணோடு வந்தார். ஒரு புத்திசாலி கண்டுபிடித்துவிட்டார்: 'இது புத்தகத்திலேயே இல்லை. இரண்டாவது காவலனுக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் என்று குளோரின் கற்பனை செய்து எழுதியிருக்கிறார். தொடருங்கள் தோழி.' அதற்குக் கைதட்டல்கள்.

நான் உரையாசிரியருக்காகக் காத்திருந்தேன். அவன் பார்த்துவிட்டான் என்பது திரையிலேயே தெரிந்தது. எழுதுகிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அப்புறம் என் வரி அங்கே இல்லை. அது இருந்த இடத்தில், 'முதல் விதியின்படி நீக்கப்பட்டது' என்று இருந்தது.

எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். 'குழுவில் இதெல்லாம் வேண்டாம் பாப்பா. நான் கூப்பிடறேன்.'

கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று நானும் காத்திருந்து பார்த்தேன். அதுவும் வரவில்லை, அசதிதான் வந்தது. அண்ணனுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியும், என்னைவிட அழகாகச் சொல்லவும் தெரியும். சொல்லி முடித்ததும் அவனுக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வேலைக்குப் புதுசு போல, எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டாள். சர்க்கரை இருக்கிறதா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, முந்தின ராத்திரி எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது என்பதெல்லாம் முடிந்தது.

"துணைக்கு யாரு மேடம் வருவாங்க?"

"பகல்ல ஒரு அம்மா இருப்பாங்க."

"சொந்தக்காரங்க ஒருத்தர் ராத்திரியும் கூடவே இருக்கணும் மேடம். இல்லேன்னா அட்மிட் பண்ண மாட்டாங்க. கூடப்பிறந்தவங்க யாராவது..."

கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. அப்பா வாயோரத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தேன்.

"துணைக்கு வர்றவங்களுக்குத் தனியாக் கட்டில் உண்டா?" என்றேன்.

"உண்டு மேடம்."

"ஓரத்துல கம்பி வெச்ச கட்டிலாக் கிடைக்குமா?"

"துணைக்கு வர்றவங்களுக்குக் கம்பி எதுக்கு மேடம்?"

"தூக்கத்துல புரளுவார்."

"சரி, சொல்லி வெக்கிறேன். யாரு வர்றாங்க?"

"எங்கப்பா."

"வயசு?"

"எழுபத்தெட்டு."

"பெரியவராச்சே மேடம். ராத்திரி பூரா கூட இருப்பாரா?"

"இருப்பார்மா" என்றேன். "அவர் எங்கயும் போகமாட்டார்."