ஒரே நிறப் போர்வைகள்

எங்கள் தொண்டு அமைப்புக்குச் சுத்தம் என்றால் உயிர். நேற்று, பாலத்தடியில் படுப்பவர்களின் அழுக்குப் போர்வைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் புத்தம்புதுசாகச் சாம்பல் நிறப் போர்வை கொடுத்தோம். மகாராணியின் சிவப்புப் போர்வையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது நான்தான்.

மகாராணி என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். நர்ஸான என்னையே அதட்டி வேலை வாங்குவாள். அவளுக்கு வலிப்பு உண்டு. கையில் கொடுத்தால் மாத்திரையைத் தொலைத்துவிடுவாள் என்று தினமும் நானே போய் விழுங்க வைப்பேன். நேற்று போர்வை அமளியில் எனக்குத் தண்ணி காட்டிவிட்டு நழுவிவிட்டாள். இன்றும் தவறினால் எங்கேயாவது விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், பாலத்தடி முழுக்கச் சாம்பல் மூட்டைகள். குளிருக்குத் தலையோடு கால் இழுத்து மூடியிருந்தார்கள். சிவப்பைத் தேடியே பழகிய கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். மேலே ஓடும் லாரிச் சத்தத்தில் யார் காதில் விழும்?

தூங்குபவரின் போர்வையைத் தொடவே கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இருந்தும் முதல் போர்வையை விலக்கினேன். தாடிக்காரர் ஒருவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். எங்கள் வேன் டிரைவர் அண்ணன் சும்மா இருப்பாரா? அவரும் எதிர்வரிசையில் ஆரம்பித்து, பாலத்தடி அரையிருட்டுக்கு டார்ச்சை வேறு முகத்தில் அடித்தார். நம்மைக் காலி பண்ண வந்துவிட்டார்கள் என்று யாரோ கத்த, அவ்வளவுதான். பாதிப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மகாராணி எங்கே என்று தாடிக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ என் போர்வையை இழுத்ததப் பாத்துட்டு மொத ஆளா ஓடுனதே அவதாம்மா. மெயின் ரோட்டுப் பக்கம்.”

விழுந்தடித்து ஓடினேன். சாலை நடுவே இருந்த திட்டின் மேல் நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் வண்டிகள் பறந்தன. அவளுடைய இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. விழுவதற்கு முன்னால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். எப்படியோ குறுக்கே புகுந்து நானும் திட்டில் ஏறினேன்.

“பெரியம்மா, நான்தான்.”

“தெரியுது. கிட்ட வராத.”

விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒரு அடிக்குத்தான் இடம் இருந்தது.