ரோஸி அழுத கதை

தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஞாயிறுதோறும் சிறுகதைப் பயிற்சி. நடத்துபவர் ஏகநாதன் சார். அங்கே எழுதியவர் தன் கதையை வாசிக்கக்கூடாது, சார்தான் வாசிப்பார். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கவும் கூடாது. "காதுல கேட்டாத்தான் எது பொய்னு தெரியும்" என்பார்.

எழுத்தாளராகும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. என் கணவர் எபி கேளம்பாக்கத்தில் லாரி மோதி இறந்து நான்கு மாதம். எனக்கு அழுகை வரவில்லை. அடக்கத்தன்றும் வரவில்லை. எழுதினால் வந்துவிடும் என்று சிறுசேரி ஆபீஸ் தோழி அமலராணிதான் சேர்த்துவிட்டாள். மாமியார் செல்வமேரி எனக்கு நெஞ்சழுத்தக்காரி என்று பெயர் வைத்து, பேச்சையே நிறுத்திவிட்டார். பீர்க்கன்கரணை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். டிவி மட்டும் பேசும்.

நடந்ததை அப்படியே எழுதினேன். மார்ச்சுவரியிலிருந்து வீடு திரும்பும் மனைவி, காலையில் ஊறப்போட்ட அரிசி வீணாகிவிடுமே என்று கிரைண்டரில் போட்டு ஆட்டுகிறாள். மாவை வழித்து ஃபிரிட்ஜில் வைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"புருஷன் செத்த அன்னைக்கு எவ சார் மாவாட்டுவா?" என்றார் ரிட்டயர்டு பேங்க்காரர் தினகரன். கிரைண்டர் ஒரு குறியீடு என்றாள் தமிழினி, கல்லூரிப் பெண். குறியீடாம். ரெண்டு லிட்டர் டேபிள் டாப் அது. எரிச்சலாக வந்தது. விதி இருக்கிறதே, பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சார் சொன்னார்: "நிஜமா நடந்துச்சுங்கறதுக்காக வாசகர் நம்ப மாட்டார் ரோஸி. எங்கயாவது அவ அழணும். அத எழுதிட்டு வாங்க."

எழுதினேன். பக்கத்து அறையில் இருக்கும் மாமியாருக்குக் கேட்கக்கூடாதென்று, கிரைண்டர் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அவள் கதறுகிறாள். எழுதும்போது என் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. சாவு வீடுகளில் மற்றவர்கள் அழுததைப் பார்த்தது கைகொடுத்தது. அடுத்த ஞாயிறு சார் வாசிக்க, தினகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசித்ததைப் பதிவு செய்து சார் வாட்ஸப் குழுவிலும் போட்டார்.

மறுநாள் கீரை ஆய்ந்தபடி அதைப் போனில் போட்டுக் கேட்டேன். முடிந்தபோது பின்னால் அத்தை நின்றிருந்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமா."

"அன்னிக்கி கிரைண்டரு ஓடிகினே இருந்திச்சே. இன்னா பொம்பள இவன்னு நெனச்சேன். எனக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் உள்ள அழுதுகினு இருந்தியா?"

இல்லை அத்தை, மாவுதான் ஆட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதற்குள் என் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். நான்கு மாதத்தில் அவர் என்னைத் தொட்டது அப்போதுதான். அவர் உடம்பு குலுங்கியது. எனக்குள் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கையை விட்டு விலக மனசு வரவில்லை.

"சொல்லும்மா, அழுதியா?"

"ஆமா அத்தே" என்றேன்.