மூன்றாம் நாற்காலியின் இருமல்

"டாக்டரய்யா, ஓட்டு அட்டைதான் பக்கத்து ஊருது. இருமல் இங்கதானே வந்துச்சு?" என்று ஏழு வயது இராசிமா கேட்டாள். டாக்டர் எவரிஸ்தோ கின்டேலா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவளுடைய தாய் சுல்மிராவை அவர்கள் ஊர் டாக்டரிடமே போகச் சொல்லிவிட்டார். தாய் எழுந்து போனாள், இருமல் போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இருந்து சாயங்காலம் வரை இருமியது.

பிரேசிலின் அந்த வறண்ட வட்டாரத்தில் கட்சிக்காரர்கள் தேர்தலுக்கு முன் இடது காலுக்குச் செருப்பு கொடுப்பார்கள். வென்ற பிறகு வலது காலுக்கு. நகரசபைத் தேர்தலுக்கு நின்ற டாக்டர் கொடுத்தது வைத்தியம். அதனால் நாடி பிடிக்குமுன் வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்ப்பார். உள்ளூர் அட்டை என்றால் இரவானாலும் பார்ப்பார், மருந்தும் தருவார். வெளியூர் அட்டைக்கு நேரமில்லை. இதை அப்போது யாரும் பாவமென்று எண்ணவில்லை, அவர் உட்பட.

மூன்றாம் வாரம் சுல்மிரா இறந்தாள். டாக்டர் நகரசபைத் தேர்தலில் வென்றார். பிறகு மேயர், பிறகு சட்டமன்றம், பதினெட்டாம் வருடம் ஓட்டில் வென்று மாநில ஆளுநர். போன இடமெல்லாம் இருமலும் போனது. ஆளுநர் மாளிகையின் நீண்ட மேசையில் அதற்கு மூன்றாம் நாற்காலி. அமைச்சர்கள் குரலை உயர்த்திப் பேசப் பழகிக்கொண்டார்கள். சுருக்கெழுத்தர் கூட்டக் குறிப்பில் 'இருமல்' என்று ஒழுங்காக எழுதிவந்தார். காபி கொண்டுவரும் லியோன்தினா மட்டும் அங்கேயும் ஒரு கோப்பை வைத்து, "சூடா இருக்கு, மெதுவா குடிங்கம்மா" என்பாள். எதிர்க்கட்சித் தலைவர், "மாளிகையில இருமுறது யாருங்க? அட்டை இருக்கா அவங்களுக்கு?" என்று கேட்டபோது சபையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அது யாருடைய இருமல் என்று அவருக்கு மட்டுமே தெரியும்.

எண்பது கட்டில்களோடு காசநோய் ஆஸ்பத்திரி கட்டினார். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி முடிந்தும் இருமல் ஓயவில்லை. அவர் செய்த பாவத்தைப் பாதிரியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

"எம்பது கட்டில் ஊருக்குப் போட்டீங்க, நல்லது. அந்தம்மாவப் பாத்தீங்களா?" என்றார் பாதிரியார்.

"அவங்க செத்து இருபது வருஷம் ஆச்சு சாமி."

"இருமல் சாகலியே, டாக்டர்."

மறுநாள் மதியம் மாளிகையில் எல்லோரும் சாப்பிடப் போனபின், காவலரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். சோப்புப் போட்டுக் கைகழுவினார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, நாற்காலிக்கு மேலே ஒரு பெண்ணின் முதுகு இருக்கும் உயரத்தில் வைத்தார்.

"மூச்ச நல்லா இழுங்கம்மா... விடுங்க."

இடது நுரையீரலின் அடியில் கரகரப்பு தெளிவாகக் கேட்டது. அன்றே கேட்டிருக்கும். மறுபக்கமும் வைத்து, அவசரப்படாமல், முழுவதும் கேட்டார். எழுத்து நன்றாகப் புரியும்படி மருந்துச்சீட்டு எழுதினார். தானே கடைக்கு நடந்துபோய் வாங்கிவந்தார். கரண்டியில் ஊற்றி நீட்டினார். கரண்டி காலியாயிற்று.

காசநோய்க்கு முழு மருந்து ஆறு மாதம். ஒரு வேளையும் தவறாமல், கதவைச் சாத்திக்கொண்டு, அவரே கொடுத்தார்.