முந்தி அடித்த மணி

இருதயநாதனுக்குப் பயம் என்பது கிடையாது. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவருக்கு நம்பிக்கைதான் கிடையாது. பஸ் டிரைவர்மேல் கிடையாது, கமிஷன் கடைத் தராசின்மேல் கிடையாது, சிரித்துப் பேசுகிற எவன்மேலும் கிடையாது. பங்குக்குப் புதுச் சாமியார் மாறி வந்தால், ஒரு வருஷம் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்தோத்திரம் சொல்வார். ஆகவே குடலிறக்க ஆபரேஷனுக்கு என்று போய், திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் இரண்டு தடவை ஓடி வந்ததைப் பயம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும்.

முதல் தடவை, முதுகுப் பக்கம் நாடா வைத்த பச்சை அங்கியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டிக்கொண்டார். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அப்படியே வெளியே நடந்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, பின்பக்கம் தெரியாமல் இருக்கக் கடைசி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் அந்த அங்கிக்குப் பை இல்லை என்பது தெரிந்தது. இரண்டாம் தடவை, கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கிட்னிய எடுக்கத்தானடா இது?" என்று கேட்டார். சாயங்காலம் பழனியிலிருந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு வீடு வந்து சேர்ந்தார். சிலுவை போடுகிற வேதக்காரன் பழனியில் என்ன செய்தான் என்று கேட்ட பெண்டாட்டி சகாயராணியிடம், "வாழைப்பழம் ஒடம்புக்கு நல்லதுன்னு வாங்குனேன்" என்றார்.

நாற்பது வருஷம் வெங்காய மூட்டை தூக்கின உடம்பு அது. வலது தொடைக்கு மேலே எலுமிச்சை அளவில் ஆரம்பித்தது இப்போது மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது. டாக்டர் ஆசாத் விரலால் அமுக்கி உள்ளே தள்ளிக் காட்டிவிட்டு, விஷயத்தை மறைக்காமல் சொன்னார்.

"பெரியவரே, இது போய் வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் நீங்க தப்பிச்சீங்க. ஒருநாள் வெளியவே சிக்கிக்கிச்சுன்னா குடல் அழுகிப்போகும். அப்புறம் ஓடுறதுக்கு ஆளு இருக்காது. செவ்வாய்க்கிழமை வாங்க. இதான் கடைசித் தேதி. இதுக்கும் வரலேன்னா என்கிட்ட வராதீங்க."

உண்மை இதுதான். வெட்டுகிறதற்குக் கூட அவர் பயப்படவில்லை. தூங்க வைப்பார்களே, அதற்குத்தான். எழுபத்தொரு வருஷம் எவனையும் நம்பாமல் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்கின மனிதன், முகமூடி போட்ட நாலு பேர் முன்னால் இரண்டு கண்ணையும் மூட வேண்டும். திரும்பத் திறப்பது அவர் கையில் இல்லை. இதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. ஆனால் அதை எப்படி வெளியே சொல்ல? அந்தோணியார் பொங்கல் மாடுபிடியில், இளவட்டமாக இருந்தபோது, ஒரு காளையின் திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் வரைக்கும் விடாமல் தொங்கினவர் அவர். ஊரில் இன்றைக்கும் பேச்சு. வேட்டி கொம்பில் மாட்டிக்கொண்டதால் விட முடியவில்லை என்பது அவருக்கும் அந்தக் காளைக்கும் மட்டும் தெரியும். காளை செத்துப்போய்விட்டது.

சகாயராணி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் கேட்கிறவள். அந்தக் கோயிலில் அந்த வேலையைச் செய்கிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அந்த நேரத்தில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இளவயசுச் சாமியார் சார்லஸ் ஒரு ஞாயிறு சொன்னார்: நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கிற நோயில்பூசுதல் என்பது சாகப்போகிறவனுக்கு மட்டும் இல்லை, ஆபரேஷனுக்குப் போகிறவனும் தைரியத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று. அவள் போய்ச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் பழனிக்குப் போய்விடுவார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு இருதயநாதன் கட்டிலில் உட்கார்ந்து இட்லியும் தலைக்கறிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கைமணிச் சத்தம் கேட்டது. கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை பவுல்ராஜ் மெழுகுதிரியோடு முன்னால் வர, பின்னால் சார்லஸ் சாமியார் கழுத்தில் ஊதாப் பட்டை போட்டு, கையில் எண்ணெய்ச் சிமிழோடு உள்ளே வந்தார்.

அந்த ஊரில் இதற்கு இன்னும் பழைய பெயர்தான். அவஸ்தைப்பூசுதல். அது வாங்கினவன் எவனும் மறுநாள் காலையில் பல் விளக்கினது கிடையாது. மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் சாமியாரைக் கூப்பிடுவது என்று ஊரே பழக்கி வைத்திருந்தது. இருதயநாதன் கையில் பிட்ட இட்லி அப்படியே நின்றது. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"டாக்டரு ஒன்கிட்ட என்னடி சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலங்க. கையக் கழுவிட்டு வாங்க."

"ஏதோ சொல்லியிருக்கான். எங்கிட்ட மறைக்கிறீக."

சாமியார் நெற்றியில் பூசினார். உள்ளங்கையைக் கேட்டார். குழம்புக் கையைக் கழுவித் துடைத்து நீட்டினார். சாமியார் சீக்கிரம் முடித்தார். பதினொன்றுக்கு அடுத்த ஊரில் அவருக்குப் பூசை. "தைரியமா இருங்க ஐயா, மத்தியானம் வாரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

பவுல்ராஜ் போகவில்லை. அவர் முப்பத்தெட்டு வருஷம் கோயில்பிள்ளை. எண்ணெய் பூசினால் அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியும். பிரசங்க நேரத்தில் அவர் காணிக்கைப் பையை மடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு வேறு ஓர் அவசரமும் இருந்தது: கொடைரோட்டில் தங்கச்சி மகள் சடங்கு, மத்தியானம் கறிச்சோறு. இருதயநாதன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தால் பந்தி முடிந்துவிடும். கட்டிலைப் பார்த்தார். ஆள் வெளுத்துப்போய், வாய் பிளந்து, கை நடுங்கிக்கொண்டிருந்தான். போதும் என்று தோன்றியது. நேராகக் கோயிலுக்குப் போய்த் துக்கமணியை அடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

ஆம்பளை என்றால் மூன்று மூன்றாக அடிப்பது, பொம்பளை என்றால் இரண்டிரண்டு. இருதயநாதன் நெற்றி எண்ணெய் காயாமல் காதைத் தீட்டி எண்ணினார்.

"மூணு. ஆம்பளைதான். யாருடி செத்தது?"

சகாயராணி வாசலுக்குப் போனாள். தெருவே இந்த வீட்டைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தது. அவள் உள்ளே வந்து சொன்னாள்: "நீங்கதாங்க."

வந்தவர்கள் வாசலில் கத்தி அழுதார்கள், உள்ளே வந்து நிறுத்தினார்கள். ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பாதிப் பேருக்குச் சந்தோஷம், மீதிப் பேருக்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. மணி அடித்தாகிவிட்டது, எண்ணெய் பூசியாகிவிட்டது, இனி எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா மகன் மரியராஜ் ரோஜா மாலையோடு வந்தான். வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாக முகம் பார்க்காதவன். மாலையைப் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பயப்படாதீக அண்ணே. ஆண்டவர் இருக்காரு."

"நீ ஏண்டா தள்ளி நிக்கிற?"

"இல்லண்ணே, காத்து வரட்டும்னு."

பயப்படாதே என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றுதான் சொன்னார்கள். மருந்து டப்பாவில் எழுதியிருப்பதை வாசிக்கிற மாதிரிச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கு ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றது.

"பாடி எங்கம்மா?" என்றான் டிரைவர்.

"சாப்புட்டுக்கிட்டு இருக்கு. செத்த இரு" என்றாள் சகாயராணி. மிச்ச இட்லியை வீணாக்க அவளுக்கு மனசில்லை.

அதன் பிறகு பிளெக்ஸ் வந்தது. மணிச் சத்தம் கேட்டவுடனே மரியராஜ் போனில் ஆர்டர் கொடுத்துவிட்டானாம். டவுனில் இப்போதெல்லாம் ஒரு மணி நேரத்தில் அடித்துக் கொடுக்கிறார்கள். டீக்கடை முக்கில் கட்டப் போனவர்களை இருதயநாதன் கூப்பிட்டு, விரித்துக் காட்டச் சொன்னார். ஆதார் அட்டைப் போட்டோ. திருடனைப் பிடித்து வைத்த மாதிரி முழி. தோற்றம், மறைவு, இன்றைய தேதி. கீழே கொட்டை எழுத்தில்: காளையை அடக்கிய அஞ்சா நெஞ்சர்.

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு, "எல்லாரும் வெளிய போங்கடா" என்று கத்தினார். யாரும் நகரவில்லை. சாகப்போகிறவனுக்குக் கோபம் வருவது சகஜம் என்று ஒருத்தர் விளக்கம் சொன்னார்.

ஒரு மணிக்குச் சாமியார் திரும்பி வந்தார். ஐஸ் பெட்டி வண்டியைப் பார்த்து முதலில் அவர் நெஞ்சில் கையை வைத்தார். அப்புறம் விஷயம் புரிந்து, கூட்டத்தை அனுப்பி வைத்தார். அதற்கே அரை மணி பிடித்தது. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அடக்கிப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க சாமி. ஒங்களுக்கென்ன?" என்றார் இருதயநாதன். பிறகு குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருக்கு சாமி."

சகாயராணி அடுப்படியில் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

சாமியார் பயப்படாதே என்று சொல்லவில்லை. அதற்காகவே கிழவருக்கு அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

"தினமும் செபமாலை சொல்றீங்களா?"

"இவ விடுவாளா? சொல்லாட்டிச் சோறு கெடையாது."

"செவ்வாய்க்கிழமை, இயேசு பட்ட பாட்டைச் சொல்ற துக்க தேவ இரகசியம். மொதல்ல என்ன வரும்?"

"பூங்காவனத்துல ரத்த வேர்வை வேர்த்தது."

"ஏன் வேர்த்துச்சு?"

இருதயநாதன் யோசித்தார். அறுபது வருஷமாக வாரம் தவறாமல் சொல்லியிருக்கிறார், யாரும் இதைக் கேட்டதில்லை. "வெயிலா இருக்கும்" என்றார்.

"அது ராத்திரிங்க ஐயா."

"அப்ப?"

"பயந்துட்டாரு. இந்தப் பாத்திரம் எனக்கு வேண்டாம், எடுத்துருன்னு அப்பங்கிட்டக் கெஞ்சினாரு. முகங்குப்புற விழுந்து கெஞ்சினாரு."

"அவரா?"

"அவருதான். கூட வந்த சீடனுங்க மூணு பேரும் தூங்கிட்டானுங்க."

கிழவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். எதையும் சந்தேகப்படுகிற பார்வைதான். "அப்ப நமக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?"

"அவரு வத்தலக்குண்டு பஸ்ஸுல ஏறல."

இருதயநாதனுக்குச் சுருக்கென்றது. இந்தப் பயலுக்கு வாய் அதிகம் என்று நினைத்தார். ஆனால் அன்றைக்கு முழுவதும் வேறு எதுவும் அவர் மண்டைக்குள் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். எதிரிலேயே வத்தலக்குண்டு வண்டி இன்ஜினைப் போட்டு உறுமிக்கொண்டு நின்றது. சன்னல் ஓரம் சீட்டும் காலி. இருதயநாதன் நின்றார். கழுத்திலிருந்து வேர்வை ஓடிச் சட்டை முதுகில் ஒட்டியது. சகாயராணி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்து இழுத்தால் அவர் அந்தப் பக்கம்தான் போவார் என்பது அவளுக்குத் தெரியும்.

வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவர் மேலே பார்க்காமல், தரையைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிக் கேட்டார்: "ஒமக்கும் இப்பிடித்தான் இருந்துச்சாய்யா?"

பதில் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார். ஆனால் தனியாக நிற்கவில்லை என்று மட்டும் பட்டது. தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வேர்வை இன்னும் நிற்கவில்லை. "நீரும் வாரும். தூங்கிராம இரும்" என்றார். வண்டியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்கு நடந்தார். கண்டக்டர் பின்னாலிருந்து "வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு" என்று கத்தியது அவரைக் குறிப்பாகக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

மறுநாள் மேஜையில் படுக்க வைத்த பிறகு டாக்டர் ஆசாத் சொன்னார்: "தூங்க வைக்கப் போறதில்ல பெரியவரே. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். முழிச்சுக்கிட்டே இருக்கலாம்."

எட்டு மாசமாக எதற்குப் பயந்தாரோ, அது கிடையவே கிடையாதாம். முதல் தடவையே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களாம். இருதயநாதன் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"அப்ப முழிச்சிருக்கும்போதே அறுப்பீகளா?"

புதுப் பயம் வந்து பழைய பயத்தின் இடத்தில் உட்கார்ந்தது. எழுந்து ஓடலாம் என்றால் அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது, கால் இரண்டும் யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரிக் கிடந்தன. அவர் செபமாலையை ஆரம்பித்தார், சத்தமாக. செவ்வாய்க்கிழமை, முதல் தேவ இரகசியம். பாதி சொல்லி நிறுத்தினார், வீட்டில் மறுபாதி சகாயராணி சொல்லுவாள் என்ற பழக்கத்தில். இங்கே யார் சொல்வது என்று முழித்தபோது, தலைமாட்டில் முகமூடிக்குள்ளிருந்து நர்ஸ் ஐரின் மறுபாதியைச் சொன்னாள்.

"நீ நம்மாளா தாயி?"

"நீங்க சொல்லுங்க தாத்தா, நிறுத்தாதீங்க."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா" என்றார் டாக்டர். "எனக்குத் தையல் எண்ணிக்கை தப்புது."

செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடியவும் தையல் முடியவும் சரியாக இருந்தது.

பவுல்ராஜ் ஒரு மாசம் அவர் முன்னால் வரவில்லை. அடித்த துக்கமணியை வாபஸ் வாங்க ஏதாவது முறை இருக்கிறதா என்று சாமியாரிடம் கேட்டாராம், இல்லை என்றாராம். "மணி நல்லாத்தான் இருந்துச்சு, ஆளுதான் லேட்டு" என்று இருதயநாதனே ஒருநாள் கோயில் வாசலில் பேச்சை ஆரம்பித்து வைத்தார். பிளெக்ஸை மரியராஜிடமிருந்து கேட்டு வாங்கி ஆட்டுக் கொட்டகை மேலே போட்டிருக்கிறார், எழுத்து உள்பக்கமாக. அஞ்சா நெஞ்சர் என்று இப்போது ஆடுகள் மட்டும்தான் படிக்கின்றன.

டிரைவரையும் தராசையும் அவர் இன்னும் நம்புவதில்லை. செபமாலை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும், முதல் தேவ இரகசியத்தைச் சொன்னவுடன் அடுத்ததற்குப் போகாமல் நிறுத்திவிடுகிறார். சகாயராணி காத்திருந்து பார்த்து, முழங்காலால் இடிக்கிறாள்.

"தூங்கிட்டீகளா?"

"இருடி. செத்த நேரம் அவரு வேர்வையத் தொடச்சுக்கிடட்டும்."