இடுப்பை வளைத்து நின்ற விவசாயி

என் மனைவி ரேவதி வரைந்த விவசாயியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையில் மண்வெட்டி, தலையில் துண்டு, எல்லாம் சரி. ஆனால் ஆள் இடுப்பை ஒரு பக்கம் வளைத்து, ஒரு காலை நளினமாக முன்னால் வைத்து நின்றுகொண்டிருந்தார். மண்வெட்டியைப் பிடித்த விரல்கள் தாமரைப் பூவைப் பிடித்த மாதிரி இருந்தன.

"சிரிக்காதீங்க. சினேகா மேடமும் இதத்தான் சொன்னாங்க" என்றாள்.

சினேகா சென்னையில் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடுகிறவர். எங்கள் ஊருக்குக் கிரிவலம் வந்தபோது என் ஆட்டோவில் ஏறினார். உள்ளே ரேவதி வரைந்து ஒட்டியிருந்த அம்மன் படத்தைப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை பயிரிடும் ஒருவரைப் பற்றிய புத்தகத்துக்குப் படம் போடுவாளா என்று கேட்டார். இவள் போட்டு அனுப்பினாள். பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "கோடு ரொம்ப அழகுங்க. ஆனா எல்லாரும் சாமி மாதிரி நிக்கிறாங்களே. மனுஷங்க மாதிரி ஒரு படம் அனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

ரேவதி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அந்தப் புத்தகத்துக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் பெயர் அச்சில் வந்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

அவளையும் குறை சொல்ல முடியாது. யாரிடமும் போய் வரையக் கற்றவள் இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பெரிய கோயிலில் தூணுக்கு எதிரே உட்கார்ந்து, தூணில் இருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியவள். கல்லில் நிற்கிறவர்களுக்குக் கால் வலிப்பதில்லை, பஸ்ஸுக்கு நேரமாவதும் இல்லை. அவர்களிடம் கற்றால் மனுஷனும் அப்படித்தான் நிற்பான் என்று தோன்றத்தானே செய்யும்?

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்க? நான் நிக்கிறேன், வரை" என்றேன்.

மண்வெட்டியோடு வாசலில் போய் நின்றேன். நின்றதும் என்னைக் கேட்காமலே வயிறு உள்ளே போனது, நெஞ்சு முன்னால் வந்தது.

"இன்னாங்க இது, ரேஷன் கார்டுக்கு போட்டோ புடிக்கிறாங்களா? சும்மா நில்லுங்க."

சும்மா நிற்பதுதானே என்று பார்த்தால் அதுதான் வரவில்லை. கையைத் தொங்கவிட்டால் அது என் கை மாதிரியே இல்லை. பின்னால் கட்டினால் எங்கள் ஊர்த் தலைவர் மாதிரி ஆகிவிட்டேன். இத்தனை வருஷமாக இந்தக் கைகளை எங்கே வைத்திருந்தேன் என்று யோசிக்க ஆரம்பித்ததும் எனக்கு அதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது.

மறுநாள், வழக்கமாகச் சவாரி பிடிக்கும் ஆசிரமத்துக்கு எதிரே ஆட்டோவைப் போட்டுவிட்டு, சவாரியைக்கூட விட்டுவிட்டு, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. யாருமே நிற்பதில்லை. எதிலாவது சாய்கிறார்கள், இல்லையென்றால் எதையாவது செய்கிறார்கள். டீக்கடை முருகையன் ஒரு காலில் நின்று, மற்ற காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே டீ ஆற்றினார். என் பக்கத்து ஆட்டோக்கார மாறன் வண்டிமேல் சாய்ந்து, பாதி உடம்பை வண்டியிடமே ஒப்படைத்திருந்தான்.

"இன்னாண்ணே, காலையிலருந்து என் காலையே பாக்கறீங்க?" என்றான்.

"நீ அசையாத, அப்படியே இரு" என்றேன். உடனே விறைத்து நேராக நின்றுவிட்டான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பார்த்த அத்தனையையும் ரேவதிக்கு நடித்துக் காட்டினேன். அவள் வரைந்து வரைந்து கசக்கிப் போட்டாள். "எல்லாம் நடிப்பாவே இருக்குதுங்க" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ உக்காரு பாக்கலாம், நான் வரையறேன். அப்ப தெரியும் கஷ்டம்."

அட்டையையும் பென்சிலையும் பிடுங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் வேறொரு தாளையும் பென்சிலையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் முழங்கை எங்கே மடங்குகிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கப் பார்க்க வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை. முடித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

"தப்பாப் போட்டுட்டேன். நீ உக்காந்துக்கினு இருந்த, படத்துல எழுந்திரிக்கிற மாதிரி வந்துடுச்சு."

ரேவதி வாங்கிப் பார்த்தாள். ஒரு முழங்கால் குத்திட்டு இருந்தது, ஒரு உள்ளங்கை தரையில் ஊன்றியிருந்தது, முகம் அடுப்படிப் பக்கம் பாதி திரும்பியிருந்தது.

"தப்பில்லீங்க" என்றாள். "நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன்."

என் வீட்டில் என் மனைவி, அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். தினமும் பார்க்கிறேன், ஆனால் பார்த்ததில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு அவள் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். அதில் நான் இருந்தேன். முதுகு கூனி, நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க, கால் கட்டைவிரல் தரையை அழுத்த, உலகத்தையே மறந்து குனிந்திருந்தேன். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அது மனுஷன்.

அந்தப் படத்தில் என் கையிலிருந்த அட்டையை அழித்துவிட்டு, அங்கே ஒரு வேர்க்கடலைச் செடியை வைத்தாள். காய் பறிக்கிற விவசாயி வந்துவிட்டார். அப்போதே போனில் படம் எடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. "யாருங்க இவரு? புத்தகம் முழுக்க இவரையே போடுங்க. கதையில அவரு பொண்டாட்டியும் வராங்க, அவங்களையும் ஒண்ணு போட்டு அனுப்புங்க."

ரேவதி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பென்சிலை எடுத்தேன். "நீ உக்காரு. நான் போட்டுத் தரேன், அதப் பாத்து நீ சரி பண்ணிக்க."

பாதி வரைந்திருப்பேன், அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அவள் உள்ளங்கை தரையில் ஊன்றியது.

"இரு" என்று சொல்லிவிட்டு நான் எழுந்தேன். அடுப்புக்கு முன்னால் போய் நின்றபிறகுதான் தெரிந்தது. "ரேவதி, எத்தன விசில் வெக்கணும்?"

"இன்னும் ரெண்டு. அங்கியே நில்லுங்க."

நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டியிருந்தாள். அதுவரை வரைந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.