பாட்டில்களுக்குக் கம்பளிச் சட்டை

விடிவதற்கு முன்பே நிலவறைக் கல்படிகளில் ஏறி இறங்கி, பியாட்ரிஸின் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. தலையில் ஷாம்பெயின் பெட்டி. படியெல்லாம் ஈரம். கால் வழுக்கினால் பெட்டி போகும், பெட்டி போனால் வேலை போகும். மேலே கொட்டகையில் பிரிஜெட் பழைய பட்டாளக் கம்பளியை வெட்டி, கோணி ஊசியால் பாட்டில்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓஸ்வால்ட் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். வார்னிஷ் நெடியில் எல்லோருக்கும் தலை கனத்தது.

இவர்களுடைய முதலாளி பெல்லமி துரை, பெங்களூர் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரர்களுக்கு ஒயின் விற்பவர். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவன் மதராஸ் துறைமுகத்தில் சொந்தமாக ஒரு பாய்மர உல்லாசப் படகை நிறுத்தியிருந்தான். அதில் ஏறி இலங்கையைச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. தண்ணீருக்கு நடுவே போகிறவனுக்குத்தான் தாகம் அதிகம் எடுக்கும் போலும். நேரில் வந்து ஒவ்வொன்றாக வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பி, பிடித்ததையெல்லாம் பொறுக்கி ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனான்.

படகின் அடிவயிற்றில், தளப் பலகைக்குக் கீழே, சூடும் ஆட்டமும் குறைந்த இடத்தில்தான் ஒயினை வைப்பார்களாம். அங்கே கடல்நீர் கசியும். லேபிள் ஊறி உரிந்துவிட்டால் எந்தப் பாட்டிலில் என்ன சரக்கென்று தெரியாது. அதற்காகத்தான் லேபிளின் மேல் வார்னிஷ். வைக்கோல் வைத்தால் அழுகிவிடும், அதனால் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கக் கம்பளிச் சட்டை.

“பாட்டிலுக்குக் குளுருதுன்னு சொட்டர் போடறானுங்க. என் புள்ளைக்கு ஒண்ணு எடுத்துக் குடுக்க முடியல என்னால” என்றாள் பிரிஜெட்.

“அளந்து வெட்டுடி. துண்டு மிஞ்சினா நீ எடுத்துக்க” என்றாள் பெட்டியை இறக்கிவைத்த பியாட்ரிஸ்.

“ரைட்டர் கேட்டா?”

“எலி தின்னுச்சுன்னு சொல்லு. எப்பவும் சொல்றதுதான?”

மர்பி டவுனில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. பிரிஜெட்டை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே பியாட்ரிஸ்தான்.

வார்னிஷ் பூசிய பாட்டில்களை நிலவறைக் காற்றிலேயே உலரவிடுவது வழக்கம். ஷாம்பெயினை மேலே கொண்டுவந்தால் ஈரக் கோணி போர்த்தித்தான் வைப்பார்கள். சூடு ஏறினால் உள்ளே அடைபட்ட வாயு கண்ணாடியைப் பிளந்துவிடும். ஆனால் மறுநாள் சாயங்காலம் மதராஸ் மெயிலில் சரக்கு ஏறியாக வேண்டும். கணக்கு எழுதும் ரைட்டர் சேஷகிரி கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே கொட்டகைக்கு வந்தார்.

“எல்லாத்தையும் முற்றத்து வெயில்ல அடுக்கணுமாம். துரை உத்தரவு.”

“ஷாம்பெயினுமா ஐயா?” என்றாள் பியாட்ரிஸ்.

“எல்லாம்னா எல்லாந்தான்.”

“வெடிக்குமே ஐயா!”

“உனக்குத் தெரிஞ்சது துரைக்குத் தெரியாதா? ஜல்தி ஆகட்டும்.”

துரைக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அவருடைய அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கம்பிவலை முகமூடி தொங்கும். ஷாம்பெயின் அடுக்கைச் சோதிக்க நிலவறையில் இறங்கும்போதெல்லாம் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார். தேன் எடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கிறாரென்று இவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. எத்தனை வருஷம் சிரித்தே கழித்துவிட்டார்கள், பாவிகள்!

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. காய்ந்த பாட்டில் ஒன்றுக்குச் சட்டை மாட்டப் பிரிஜெட் குனிந்தாள். துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்டது. பியாட்ரிஸ் திரும்பியபோது, முகத்தை மூடிய பிரிஜெட்டின் விரல்களுக்கிடையில் நுரையும் ரத்தமும் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தன. ஓஸ்வால்ட் அவளைத் தூக்கி ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இடது கண் போய்விட்டது.

மறுநாள் விடியலில் எல்லோரும் வந்தார்கள். ஆனால் யாரும் நிலவறைக்குள் இறங்கவில்லை. முற்றத்துப் புங்கமரத்தடியில் கோணியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நேற்றைய அமளியில் உள்ளே எடுக்காமல் விட்ட ஒரு ஷாம்பெயின் பெட்டி மட்டும் முற்றத்தின் நடுவே கிடந்தது.

வெயில் ஏறியதும் துரை வந்தார். முப்பது வருஷமாக உத்தரவு போடுவதற்கென்றே பழகிய தமிழ் அவருடையது.

“பியாட்ரிஸ், நீதான் பக்கத்தில் இருந்தாய். அவள் கை தவறிப் போட்டாள். அப்படித்தானே?”

பியாட்ரிஸ் கோணியிலிருந்து எழுந்தாள்.

“ஆமாம் என்று சொல். நாளை முதல் நீ இங்கே மேஸ்திரி.”

ஆமாம் என்றால் பிரிஜெட்டுக்கு வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. இல்லை என்றால் இவளுக்கே வேலை கிடையாது. பியாட்ரிஸ் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கை தவறல தொர. வெயில்ல வெச்சதாலதான் வெடிச்சுது. வெக்கச் சொன்னது நீங்க.”

“கண்ணாடி என்றால் உடையும்.”

“உடையும்னு தெரிஞ்சுதான நீங்க மட்டும் மூஞ்சில வலைய மாட்டிக்கிறீங்க?”

துரையின் காது மடல் சிவந்தது. ஓஸ்வால்ட் எழுந்து பியாட்ரிஸின் பக்கத்தில் வந்து நின்றான்.

“பிரிஜெட் அக்கா வைத்தியத்த கம்பெனி பாக்கணும். தேறி வந்தா இங்கயே வேலை குடுக்கணும். எங்க எல்லாருக்கும் வலை வேணும். ஷாம்பெயின் இனிமே வெயிலுக்கு வரக்கூடாது. அதுவரைக்கும் ஒரு பெட்டிக்கும் ஆணி அடிக்கமாட்டேன்.”

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“பிளாக்பள்ளியில் ஆளுக்கா பஞ்சம்?” என்று ஆள் பிடித்துவரச் சேஷகிரியை அனுப்பினார் துரை.

ஜட்காவில் விரைந்தவர் தனியாகத்தான் திரும்பினார். “யாரும் வரமாட்டேங்கறா சார். கண்ணு போன சேதி எனக்கு முன்னாடியே அங்க போயிடுத்து.”

இதற்குள் வெயில் நடு முற்றத்துப் பெட்டியின் மேல் ஏறியிருந்தது. துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேஷகிரி, போய் அந்தப் பெட்டியை நிழலுக்கு இழு.”

சேஷகிரி வராந்தாப் படியில் இறங்கினார். கல் தளத்தில் நேற்றைய கறை இன்னும் காயாத மாதிரி கிடந்தது. அதைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தார்.

“சார், அந்த வலையைக் கொஞ்சம் குடுங்கோ.”

துரை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முகமூடி உள்ளேயே இருந்தது.

அங்கேயும் போகமுடியாமல் இங்கேயும் வரமுடியாமல் நின்ற சேஷகிரியைப் பார்க்கப் பியாட்ரிஸுக்குப் பாவமாக இருந்தது. நேற்று அவர் சொன்ன சொல்லும் மறக்கவில்லை. ஆனாலும் கோணியில் நகர்ந்து இடம்விட்டாள்.

“அங்க நிக்காதீங்க ஐயா. பெட்டி வெடிக்கும். இப்படி வாங்க.”

கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார் அவர். “என்னையும் தள்ளிடுவான்” என்றார் மெதுவாக.

“தள்ளட்டும். எங்ககூட உக்காருங்க.”

சற்று நேரத்தில் பெட்டிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. பலகை இடுக்கில் நுரை வழிந்தது. துரையின் கதவு திறக்கவில்லை. மரத்தடியில் இருந்தவர்களும் அசையவில்லை. சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் போலீஸ் வரலாம், எல்லோருடைய வேலையும் போகலாம்.

பியாட்ரிஸ் கொட்டகைக்குப் போய்ப் பிரிஜெட்டின் ஊசியையும் புதிதாகப் பிரித்த ஒரு முழுக் கம்பளியையும் எடுத்துவந்தாள். துண்டு மிஞ்சுமா என்று பார்க்கவில்லை. பிரிஜெட்டின் பிள்ளை வளர்ந்தாலும் போடும் அளவுக்கு நடுக் கம்பளியிலேயே கத்தரியை வைத்தாள். ஓஸ்வால்ட் ஒரு முனையைப் பிடித்தான்.

“துரை கேட்டா என்னக்கா சொல்லுவ?” என்றான்.

சேஷகிரி கையை நீட்டி மறுமுனையை இழுத்துப் பிடித்தார்.

“எலி தின்னுடுத்துன்னு எப்பவும் நீங்கதானே சொல்லுவேள்? இன்னிக்கு நான் சொல்றேன். நீ வெட்டும்மா.”