பெட்ரோல் பங்க் வரைக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு 'பிரேக் மாமா' என்று பெயர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. தெருவில் நாய் வாலாட்டினாலே அதை மிதித்துவிடுவார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கால் அடங்காது. மேசைக்கடியில் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் படுத்திய பாடு தாங்காமல், மனைவி தான் வழக்கமாகப் போகும் பௌத்த தியான மண்டபத்துக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணை மூடினால் அவருக்கு மூச்சா தெரிந்தது? எதிரே வரும் லாரிதான் தெரிந்தது. தியானம் முடிந்ததும் அதை நடத்திய பிக்குணியிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"பற்றை விடுங்கிறீங்க. பெத்த பொண்ணை எப்படிம்மா விடுறது?"

"பொண்ணை விடச் சொல்லலையே ஐயா. அவ நல்லா இருக்கணும்னு நினைங்க, அது அன்பு. நான் பக்கத்துல இருந்தாத்தான் நல்லா இருப்பான்னு நினைக்கிறீங்களே, அதைத்தான் விடச் சொல்றேன்."

"அப்போ பிரேக்கை யாரு மிதிக்கிறது?"

பிக்குணி சிரித்துவிட்டார். பிரேக் மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் கிளம்பிய அன்று அவளுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நெடுஞ்சாலை வரைக்கும் வர்றேன். பஸ் பிடிச்சுத் திரும்பிடுவேன்." நெடுஞ்சாலை வந்ததும், "அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்றார். பங்க் வந்தது, போனது. அவர் இறங்கவில்லை. "கண்ணாடியைப் பாரு. மெதுவா. அவன் திரும்புவான் பாரு." மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

ஓரமாகப் பறந்த பிளாஸ்டிக் பை ஒன்று அவர் கண்ணில் பட்டது.

"பிரேக்!"

அவர் போட்ட கூச்சலில் மகள் பதறி மிதித்துவிட்டாள். பின்னால் வந்த லாரி அலறியபடி ஒதுங்கி, மயிரிழையில் உரசாமல் கடந்து போனது. மகள் காரை ஓரம் கட்டினாள்.

"ரோட்டுல ஒண்ணுமே இல்லையேப்பா."

அவர் தூரத்தில் போகும் லாரியைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் மகளைச் சாகடிக்கப் பார்த்தது லாரிக்காரன் இல்லை. கதவைத் திறந்து இறங்கினார்.

"கோவமாப்பா?"

"இல்லடா. நீ ஒழுங்காத்தான் ஓட்டுற. எனக்குத்தான் சும்மா உட்காரத் தெரியல. கிளம்பு."

கார் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். மறைந்த பிறகு இன்னும் மோசமாக இருந்தது. பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டிலும் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார். போனை எடுப்பார், ஓட்டும்போது அடித்தால் எடுக்கப் போவாளே என்று வைப்பார். "உட்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி.

பொழுது சாயும் நேரத்தில் மகளே போனில் கூப்பிட்டாள். "வந்து சேர்ந்துட்டேன்பா. நடுவுல வழி தப்பிடுச்சு. பாதை ஒரு ஏரிக்கரையோட முடிஞ்சுபோச்சு, அங்கேயே நின்னுட்டேன்."

எந்தத் திருப்பத்தில் விட்டாய், பலகையைப் பார்க்கவில்லையா, தனியாகவா நின்றாய்? எல்லாம் தொண்டை வரை வந்தது. விழுங்கினார்.

"ஏரி எப்படி இருந்துச்சும்மா?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தண்ணீரை, பறவைகளை, காரை விட்டு இறங்கிக் காலை நனைத்ததை. கூடத்தில் நடையாய் நடந்தபடியே, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.